நிற்கிற தண்ணீர்

குழாயில் வெறும் காற்று வந்த ஐந்தாம் நாள்
காப்பீட்டுக் கம்பெனி அனுப்பிய கன்யிலே அம்மையார்
எங்கள் புது ஷவரின் தரையில் முட்டிபோட்டு
விரல் கணுவால் தட்டிப் பார்த்தார்,
தர்பூசணி வாங்குகிறவர் மாதிரி.

ஓடு இன்னும் பதிக்கவில்லை.
பச்சை ரப்பர்ப் பூச்சு இரண்டு தடவை,
மூலைக்கு மூலை துணிப்பட்டை,
சுவரில் என் தோள் உயரம் வரை.
டுமிசானி இழுத்த பிரஷ்ஷின் கோடுகள்
வாரிய தலைபோல அதில் தெரிந்தன.

"தண்ணீர் கட்டி நிறுத்திக் காட்டுங்கள்.
இரண்டு விரல் ஆழம், ஒரு நாள் முழுக்க.
அப்புறம்தான் கையெழுத்து."

தண்ணீரா?
சாட்ஸ்வொர்த்தில் அந்த வாரம்
லாரிச் சத்தம் கேட்டால் நாய்கூட எழுந்து நின்றது.
அரிசி கழுவியதில் பாத்திரம்,
பாத்திரம் கழுவியதில் கக்கூஸ் என்று
ஒரே தண்ணீருக்கு மூன்று பிறவி கொடுத்துக்கொண்டிருந்தோம்.
இவருக்கு நாற்பது லிட்டர் வேண்டும்,
சும்மா நிற்க.

நடுச்சுவருக்கு அந்தப் பக்கம் நீலவதி.
ஒரே கூரை, ஆளுக்குப் பாதி.
அவள் படுக்கையறைச் சுவரில் எட்டு வருடமாக ஒரு கறை,
முதலில் கை அளவு, பிறகு ஆள் அளவு.
"உங்கள் குளியல் என் தலைமாட்டில் வந்து படுக்கிறது"
என்று தீபாவளித் தட்டோடு சேர்த்துச் சொல்வாள்.
பிறகு தட்டை நிறுத்தினாள்.
சொல்வதை நிறுத்தவில்லை.

பழைய மேஸ்திரி, "ஓட்டிடுக்கில் சிமெண்ட் போதும்" என்றபோது
காசு மிச்சமென்று தலையாட்டியவள் நான்தான்.
இந்த முறை இடித்தபோது சுவர்
டீயில் ஊறிய ரஸ்க்காகக் கையோடு வந்தது.
அதை வாரி மூட்டைகட்டி
இருட்டிய பிறகு வெளியே வைத்தோம்.

நீலவதி வந்தாள், இரண்டு கையிலும் வாளி.
லாரியில் வரிசை நின்று பிடித்த அவள் பங்கு.
"இந்தா, ஊற்று.
என் தண்ணீர் என் சுவருக்கு வரட்டும்.
இந்த அம்மா கண்ணால் பார்க்கட்டும்."

வடிகாலில் ரப்பர்ப் பந்தை வைத்து இறுக்கி
ஊற்றினோம்.
தண்ணீர் விளிம்பில் பென்சில் கோடு.
பக்கத்தில் ஒரு பேசினில் கொஞ்சம் தண்ணீர்,
அதற்கும் ஒரு கோடு:
காற்று குடித்தது எவ்வளவு, வீடு குடித்தது எவ்வளவு
என்று பிரித்துச் சொல்ல.

இரவு இரண்டு மணிக்கு டார்ச்சோடு போனேன்.
நாற்பது லிட்டரும் கண் கொட்டாமல் படுத்திருந்தது.
சுவருக்கு அந்தப் பக்கம் கட்டில் முனகியது.
பிறகு ஏதோ தேய்கிற சத்தம்,
உள்ளங்கை சுண்ணாம்பைத் தடவுவது போல,
மெதுவாக, என் இடுப்பு உயரத்தில்.
டார்ச்சை அணைத்துவிட்டேன்.

காலையில் கோட்டுக்குக் கீழே
ஓர் அரிசி கனம் இறங்கியிருந்தது.
பேசினிலும் அதே அரிசி.
கையெழுத்துப் போட்டார்.

நீலவதி விடவில்லை, தன் அறைக்கு இழுத்துப்போனாள்.
கறை அங்கேயே இருந்தது.
கன்யிலே தன் கருவியை அதில் குத்தி எண்ணைப் பார்த்தார்.
"பழைய ஈரம். காய மூன்று மாதம் ஆகலாம்.
காயவில்லையென்றால்..."
அண்ணாந்து, நீலவதியின் கீசர் குழாய் போகும் வழியைப் பார்த்தார்.
"அது என் கோப்பில் இல்லை."

"என் தண்ணீரைக் கொடு" என்றாள் நீலவதி.
சொம்பால் மொண்டேன், பிறகு பஞ்சால் ஒற்றினேன்.
இரண்டு வாளியையும் தூக்கிப் பார்த்தாள்,
எடை தெரிந்த கை.
"ஒரு சொம்பு குறைகிறது."

அடுக்களையிலிருந்து ஒரு சொம்பு கொண்டுவந்து ஊற்றினேன்.
ஊற்றிக்கொண்டே ரஸ்க் விஷயத்தைச் சொல்லிவிட்டேன்,
மேஸ்திரி, காசு, இருட்டில் வைத்த மூட்டை, எல்லாம்.

அவள் வாளிகளைக் கீழே வைக்கவில்லை.
தண்ணீர் ஆடி அடங்கும்வரை
அப்படியே நின்றாள்.