ஏழாம் பக்கம், மூன்றாம் கேள்வி

பாடாங் செராய் சந்தைக்குப் பின்னால்
ஒரு தகரக் கொட்டகை.
உள்ளே ரப்பர் வளையம் செய்கிறார்கள்.
சுண்டுவிரல் மோதிரம் அளவு,
வால்வுக்குள் உட்கார்ந்து
நீர் கசியாமல் பிடித்துக்கொள்ளும் கறுப்பு வளையம்.

நான் போனது கேள்வி கேட்க.
முப்பத்திரண்டு பக்கப் படிவம்,
முந்நூற்றுப் பத்து நிறுவனம்,
இது இருநூற்று அறுபத்தேழாவது.
உரிமையாளர்: குணவதி சின்னையா.
தொழிலாளர்: பதினாறு.
"போர்க்லிஃப்ட் அடியில் படுத்திருக்கிறதே,
அதையும் சேர்த்தால் பதினேழு" என்றார்.
நாய் கண் திறக்கவில்லை.

இறக்குமதி உண்டா?
"ரப்பரே ஹட்யாயிலிருந்துதான் வருகிறது."
சன்னலுக்கு வெளியே பார்த்தேன்.
கண்ணுக்கெட்டிய மட்டும் செம்பனை.

ஏற்றுமதி?
"இல்லை."
மின்விசிறி ஒரு சுற்றுச் சுற்றியது.
"ஒரு தடவை."

எங்கள் பாடத்தில் இதற்கு ஒரு விதி உண்டு.
கடல் தாண்ட நினைப்பவர் முதலில்
கரையில் ஒரு தொகையைப் புதைக்க வேண்டும்.
தோண்டி எடுக்க முடியாத தொகை.
பெரிய நிறுவனம் புதைத்துவிட்டுப் போகும்,
சின்னது கணக்குப் பார்த்து வீட்டோடு இருக்கும்.
கரும்பலகையில் அதை ஒரே எழுத்தில் எழுதுவோம்.
குணவதி அதை பிஸ்கட் டின்னில் வைத்திருந்தார்.

தரச் சான்றிதழுக்கு ஷா ஆலாம் போய்வந்த
பதினோரு டோல் சீட்டு.
துருக்கி மொழிக்காரருக்குக் கட்டிய ரசீது.
நிறுவனப் பெயரில் ஓர் எழுத்து பிசகியதற்காக
வங்கி இரண்டு முறை திருப்பியனுப்பிய கடிதம்.
விற்றுவிட்ட வேனின் சாவி
(இதை ஏன் வைத்திருக்கிறார் என்று நான் கேட்கவில்லை,
படிவத்தில் அந்தக் கேள்வி இல்லை).

ஒரு பேலட், எண்பதாயிரம் வளையம், இஸ்மீர் துறைமுகம்.
பணம் எழுபத்தோராம் நாள் வந்தது.
அதற்குள் வெள்ளியின் மதிப்பு ஏறி
லாபத்தை மென்று விழுங்கியிருந்தது.
அடுத்த ஆர்டர்?
"அந்த மனிதர் தொழிலை விட்டு ஹோட்டல் வைத்துவிட்டார்.
வருஷா வருஷம் புத்தாண்டு வாழ்த்து மட்டும் வரும்."

அட்டவணையில் எழுதினேன்:
முதல் ஆண்டு ஒன்று,
பிறகு ஒன்பது ஆண்டுக்கு ஒன்பது சுழியம்.
விவரம் தெரியாதவர் சேர்த்துப் படித்தால்
நூறு கோடி.

ஏழாம் பக்கம், மூன்றாம் கேள்வி:
யாருக்கு விற்கிறீர்கள்?
"பிறையில் தியோ. வால்வு செய்கிறார்."
அவர் யாருக்கு விற்கிறார் என்று
படிவம் கேட்காது.
குணவதி கைப்பேசியை நீட்டினார்.

பிஷ்ணு தாப்பா அனுப்பிய படம்.
இங்கே நான்கு வருஷம் அச்சு இயந்திரத்தில் நின்றவன்.
இப்போது தோஹாவில், ஒரு ஹோட்டலின் சலவைக் கூடத்தில்
இயந்திரங்களைப் பழுது பார்க்கிறான்.
பிரித்த வால்வு, எண்ணெய் படிந்த உள்ளங்கை,
உள்ளங்கையில் ஒரு வளையம்.
விளிம்பில் மயிரிழைக் கீறல்.

"எங்கள் மூன்றாம் அச்சில் மட்டும்தான் அந்தக் கீறல் விழும்."
அச்சை மாற்றவில்லையா?
"கசிகிறதா என்று அவனிடமே கேட்டேன்.
இல்லை என்றான். அப்புறம் என்ன?"

மழை பிடித்துக்கொண்டது.
தகரத்தின் கீழ் இனிக் கேள்வி கேட்க முடியாது,
கத்த வேண்டியிருக்கும்.
இரண்டு கட்டம்தான் இருந்தது, ஆம், இல்லை.
வரையறை எனக்கு மனப்பாடம்.
நேரடியாக, சொந்தப் பெயரில், சுங்கப் பத்திரத்தோடு.
இல்லை என்பதில் குறியிட்டேன்.

குறியிட்ட பிறகு ஓரத்தில், பென்சிலால்,
தோஹா என்று எழுதினேன்.
அதற்குப் பக்கத்தில் ஒரு வட்டம்.
கணினியில் ஏற்றப்போகும் பையன்
அதைச் சுழியம் என்று நினைத்துக்கொள்வான்.

மழை விடக் காத்திருந்த நேரத்தில்
மூன்றாம் இயந்திரம் திறந்து மூடித்
திறந்து மூடியது.
இருநூற்று அறுபத்தெட்டு: கோழித்தீவனம், கூலிம் சாலை,
நாளை ஒன்பதரைக்கு.