வரைபடத்தில் என்ன நிறம்

காப்பீட்டுக்காரன் அனுப்பிய வரைபடத்தில்
பர்தாங் பள்ளத்தாக்கு முழுக்கச் சிவப்பு.
போகாதே என்பதற்கு அவர்கள் வைத்திருக்கும் நிறம்.
அந்தச் சிவப்பின் மேல்தான்
மூன்று நாளாகக் குலுங்கிக்கொண்டிருந்தோம்
நானும், கதம்ஷோவும், அவனுடைய ரஷ்ய ஜீப்பும்.

ஒரு கதவைக் கயிற்றால் கட்டியிருந்தான்.
என் பக்கத்துக் கதவு.
கீழே, வெகு கீழே,
சிமெண்ட் கரைத்தாற்போல் ஓடிற்று தண்ணீர்.
விழுந்தால்? என்று சைகையில் கேட்டேன்.
அவன் எட்டிப் பார்த்து, விரல்விட்டு எண்ணி,
"ஆறு நொடி" என்றான்.
நான் சிரிக்கும்வரை காத்திருந்துவிட்டு
கியரை மாற்றினான்.

சாகசம் என்று சொல்லிக் கிளம்பியவன் நான்.
பையில் தண்ணீர் வடிகட்டி, விசில்,
இருட்டில் ஒளிரும் கயிறு, மேலும்
பெயர் தெரியாத ஒரு கொக்கி.
நான்காம் நாள் சாலை இல்லை.
இரவோடிரவாக ஆறு தின்றிருந்தது.
மிச்சமிருந்த விளிம்பில் ஒரு பெண்
காலணிகளை ஒன்றோடொன்று முடிந்து
கழுத்தில் மாட்டிக்கொண்டிருந்தாள்.
தோளில் துணிப்பை. உள்ளே
ஏழாம் வகுப்புக் கணக்குத் தேர்வுத்தாள்கள்.

"என் கால் வைத்த இடத்தில் வை.
கீழே பார்க்காதே.
பார்த்தாலும் ஒன்றுமில்லை, ஆறுதான்."

பாறையை அணைத்தபடி நாற்பது அடி.
கொக்கி கடைசிவரை பையிலேயே இருந்தது.

சவ்சன் அவள் பெயர்.
ஐந்து தூண்கள் நிற்கும் வீடு; கூரை நடுவே
சதுரத்துக்குள் சதுரமாய் ஒரு வானம்.
மாடியில் பாதாமிப்பழம் காய்ந்துகொண்டிருந்தது.
உப்புப்போட்ட பால் தேநீரில்
ரொட்டியைப் பிய்த்துப் போட்டு, வெண்ணெய் மிதக்க,
கிண்ணத்தை என் பக்கம் தள்ளினாள்.

"பயமாக இல்லையா உனக்கு?"
"இங்கே வரவா?"
"இல்லை. திரும்பிப் போக."

உங்கள் ஊரில் வெயிலுக்கே மனிதர்கள் சாகிறார்களாமே.
ரயிலில் வெளியே தொங்கிக்கொண்டு போகிறார்களாமே.
அடிபட்டுக் கிடந்தால் சுற்றி நின்று படம் எடுக்கிறார்களாமே.

அப்படியெல்லாம் இல்லை என்றேன்.
எப்போதாவது என்றேன்.
தொலைக்காட்சியில் மிகைப்படுத்துவார்கள் என்றேன்.
அவள் தலையசைத்த விதம் எனக்குத் தெரிந்ததுதான்:
புறப்படுமுன் எல்லோரும் எனக்குத்
தலையசைத்த விதம்.

கீழே நகரத்தில் நடந்ததைப் பற்றிக் கேட்டேன்.
"தேநீர் ஆறுகிறது" என்றாள்.
கேள்வி அங்கேயே நின்றது.

பிறகு வரைபடத்தைக் காட்டினேன். காட்டியிருக்க வேண்டாம்.
தன் ஊரைத் தேடினாள், சிவப்புக்கு அடியில்.
விரலை மெல்ல மேலே நகர்த்தி
மாஸ்கோவில் நிறுத்தினாள்.
"என் கணவன் இங்கே ஓடு பதிக்கிறான்.
சுரங்க ரயில் வாசலில் வைத்து
முன்பல் இரண்டை உடைத்தார்கள்,
முகம் பிடிக்கவில்லை என்று.
இது என்ன நிறம்?"

பச்சை, என்றேன்.
வெளிர் பச்சை.

ஒன்றும் சொல்லாமல் மடித்துத் தந்தாள்.
விளக்கை இழுத்துவைத்து
சிவப்புப் பேனாவின் மூடியைப் பல்லால் திறந்தாள்.
முதல் தாள். இரண்டாவது. பதினோராவது தாளில்
அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
"ஐந்தாவது கணக்கு எல்லோருக்கும் தப்பு.
கேள்வியையே நான் தப்பாகக் கொடுத்திருக்கிறேன்."
மறுபடி முதல் தாளிலிருந்து
ஒவ்வொருவருக்கும் நான்கு மதிப்பெண் கூட்டினாள்.

கோரோக் வந்ததும் கைபேசி உயிர்த்தது.
முப்பத்தேழு செய்திகள்.
இருக்கிறாயா, இருக்கிறாயா, இருக்கிறாயா.
அவற்றுக்கு நடுவே தெரியாத எண் ஒன்று.
அவள் ஊரில் சிக்னல் கிடைப்பது
ஆட்டுப்பட்டிக்கும் மேலே,
ஒரு மணி நேர ஏற்றத்தில்.

"சேர்ந்தாயா? விமான நிலையத்திலிருந்து
இரவில் தனியாக வீட்டுக்குப் போகாதே.
சாலையைக் கடக்கும்போது
இரண்டு பக்கமும் பார்."

பார்க்கிறேன் என்று எழுதி அனுப்பினேன்.
ஒற்றை டிக்.
அதற்குள் இறங்கிப் போயிருப்பாள்.