வெற்றிடம்: மூன்று

வர்த்தமானியில் மூன்றாந்தடவையும் போட்டாயிற்று:
'தொகுதி உயிரியல் ஆய்வாளர், மூவர்.'

வவுனியாவிலிருந்து ஒருவர் அழைத்தார்.
"எந்தத் தொகுதி, மிஸ்?
எம்.பி.யின் கடிதம் வேணுமா?"
நான் சிரிக்கவில்லை. நியாயமான கேள்வி.

நேர்முகத்துக்கு வந்தவள் ஒருத்தி, ரிஸ்மியா.
பொரளைச் சந்தி மழையில் பாதி நனைந்த கோப்பு.
டெங்குக் காய்ச்சலில் ஓர் உடலுக்குள்
யார் யாரோடு பேசுகிறார்கள் என்று
நாலாயிரம் கோடுகளில் வரைந்திருந்தாள்.

"விலங்கியலா, தாவரவியலா?"
படிவத்தில் இரண்டே கட்டங்கள்.

அவள் விரல் ஒரு புள்ளியில் நின்றது:
"இதைத் தனியாகப் பார்த்தால் ஒன்றுமில்லை, சேர்."

சம்பளத் திட்டத்தைக் கேட்டாள்.
பிறகு குடையை விரித்தாள்.

நான்காந்தடவைக்கு
இன்று தட்டச்சு செய்கிறேன்,
யாரையும் கேளாமல்
மூன்றாவதாய் ஒரு கட்டம் சேர்த்து.