நான்கு, ஆறு, ஏழு

உழுதவன் கணக்குப் பார்த்தால்
உழக்குகூட மிஞ்சாது என்பார்கள்.
அந்தக் கணக்கைப் பார்க்கத்தான்
ரெஜைனாவில், ஐந்தாம் மாடியில்,
எனக்குச் சம்பளம்.

ஏப்ரல் கடைசியில்
கைன்டர்ஸ்லிக்கு அனுப்பினார்கள்.
கர்லிங் அரங்கின் மேல்தளத்தில் கூட்டம்.
மடக்கு நாற்காலி அறுபது,
வந்தவர்கள் இருபத்திரண்டு பேர்.
திரையில் என் சூத்திரம்:

ஐந்து வருஷ வருமானத்தை எடு.
உச்சத்தை நீக்கு. அடியை நீக்கு.
மிச்சம் மூன்றுக்குச் சராசரி.
அதில் எழுபது விழுக்காட்டுக்கும் கீழே
நீங்கள் விழுந்தால்
அரசு கை கொடுக்கும்.

விழுந்த முழு ஆழத்துக்கும் அல்ல என்பதை
அடுத்த படத்தில்
சிறிய எழுத்தில் வைத்திருந்தேன்.

பின்வரிசையில் ஒரு தொப்பி எழுந்தது.
விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் மே பதினைந்தாமே,
விதைப்புக்கு நடுவில்?
யார் வைத்த தேதி அது?

நான் வைத்தது.
நிதியாண்டுக்குத் தோதாக இருந்தது.
"மேலிடம்" என்றேன்.

காப்பி ஆறி, கூட்டம் கலைந்த பிறகு
லோரீன் ஹ்னாட்டியுக் வந்தார்.
ஆயிரத்து எண்ணூறு ஏக்கர்.
டூரம் கோதுமை, கொஞ்சம் கனோலா, மிச்சமெல்லாம்
நாம் மைசூர்ப் பருப்பு என்று வாங்குகிற சிவப்புப் பருப்பு.
போன ஞாயிறு என் வீட்டுச் சாம்பாரில் வெந்தது
அவருடையதாகவும் இருக்கலாம்.
அதை அவரிடம் சொல்லவில்லை.

கோடு போட்ட நோட்டில் ஐந்து வருஷம் கொண்டுவந்திருந்தார்.
"எதை எறிகிறீர்கள், காட்டுங்கள்."

பென்சிலால் ஒரு வரியை அடித்தேன்.
அது ஆலங்கட்டி வருஷம்.
முட்டையை அடுப்பில் வைத்தேன் என்றார்,
முட்டை வெந்தது, பயிர் முடிந்தது.
ரோட்டுக்கு அந்தப் பக்கம்
ஃப்ரீசன் வயலில் ஓர் இலை கிழியவில்லை.
அந்தப் பனிக்காலம் கெவின்
எண்ணெய் வயலுக்கு லாரி ஓட்டப் போனான்.
முதலில் மாதாமாதம் பணம் அனுப்பினான்.
பிறகு வக்கீல் வழியாகக் காகிதங்கள்.

"இதை நீக்கினால் சராசரி ஏறும்.
உங்களுக்குத்தான் நல்லது."

"நல்லதுதான்" என்றார்,
பென்சில் கோட்டைப் பார்த்தபடி.

உச்சத்தையும் அடித்தேன்.
பருப்பு விலை தலைகால் தெரியாமல் ஏறிய வருஷம்.
இரண்டு தகரக் குதிர்கள்,
மகளின் பல்லுக்குக் கம்பி,
வாழ்க்கையில் ஒரே ஒரு வாரம் கடல்.
"அதுவும் போச்சா?"
சிரித்துவிட்டார்.

மிஞ்சிய மூன்று வரிகளையும்
விரலால் தடவிப் பார்த்தார்.
"இந்த வருஷங்களில் என்ன நடந்தது என்றே
எனக்கு ஞாபகமில்லையே."

அந்தக் காலத்து அரசன்
ஆறில் ஒன்று என்று வாங்கிக்கொண்டு போனான்.
எடுக்கிறவனுக்கு ஒரு பின்னம் போதும்.
கொடுக்கிறவனுக்குத்தான்
இத்தனை தசமப் புள்ளி.

திரும்பும்போது ஏழாம் நெடுஞ்சாலையில்
மூன்று மைல் மழை, பிறகு புழுதி.
எந்த மானியில் அது பதிவாகும் என்று
ரோஸ்டவுன் தாண்டும்வரை யோசித்தேன்.

எழுபதை எண்பதாக்கினால் என்ன செலவு என்று கேட்டார்கள்.
கணக்கிட்டுக் கொடுத்தேன்.
நன்றி என்றார்கள்.
எழுபது எழுபதாகவே இருக்கிறது.

தேதி மட்டும் மாறியது: ஜூலை பத்து.
ஒரே ஒரு வரி.
அதற்கு நான்கு மாதம், ஒன்பது கையொப்பம்.
அந்தத் தொப்பிக்காரர் பெயர்
எனக்கு இன்றுவரை தெரியாது.

சோதனைக்காக லோரீனின் எண்களைப் பதிந்திருந்தேன்,
நான்காம் வரிசை முதல் எட்டாம் வரிசைவரை.
ஐந்தையும் எட்டையும் தேர்ந்தெடுத்து
நீக்கு என்பதன்மேல் விரலை வைத்து,
பிறகு மறை என்பதை அழுத்தினேன்.
விடை ஒன்றுதான், சதம்கூட மாறாது.

திரையின் இடதோரத்தில் இப்போது
நான்கு, ஆறு, ஏழு.
எண்ணத் தெரிந்தவர்
யாராவது திறந்து பார்த்தால்
நடுவில் ஏதோ இருக்கிறது என்று தெரியும்.