ஒன்பது சாண்

மண்டூர்ப் பாதை அக்கரை தொடும்போது
ஏழு இருபது.
பலகை இறக்கியதும் மோட்டார் சைக்கிள்களுக்கு
முன்னால் இறங்கி நடந்துவிடுவேன்.

தரம் இரண்டு. பதினெட்டுப் பேர்.
திங்கட்கிழமை இடாப்பில் பதினேழு கோடு,
நிலுக்சனுக்குப் பூச்சியம்.
இந்தக் கிழமைச் செயற்பாடு: நீளம்.
அடிமட்டம் வேண்டாம், கையால் அளங்கள் என்றேன்.
மேசை எனக்கு ஐந்து சாண்.
மிதுர்ஷாவுக்கு ஏழு.
யதுமிதனுக்கு ஏழும் ஒரு கட்டைவிரலும்.
சின்னஞ்சிறு சஜானிக்கு எட்டு.
தன்னுடைய மேசையை யாரோ நீட்டிவிட்டார்கள் என்று
அவள் அழத் தொடங்கினாள்.
எல்லாம் சரிதான் என்றேன்.
"எல்லாம் எப்பிடிச் சரி டீச்சர்,
ஒரு மேசைதானே கிடக்கு?"
யதுமிதனிடமிருந்து என்னை
மணி அடித்துக் காப்பாற்றியது.

மறுநாள் சணல் நூல்.
பாயில் படுக்க வைத்து
உச்சியிலிருந்து குதிக்கால் வரை
ஆளுக்கொன்று வெட்டினோம்.
கூச்சம் தாங்காமல் உருண்டவர்களின் நூல்
இரண்டு விரல் கூடிப்போயிற்று.
பின்சுவரில் பெயரோடு தொங்கவிட்டோம்.
வாவிக் காற்று வரும்போதெல்லாம்
பதினேழு பேரும் சுவரில் ஆடினார்கள்.
வீட்டில் ஏதாவது ஒன்றை அளந்து வாருங்கள்
என்று சொல்லி அனுப்பினேன்.

புதன், பாதை ஓடவில்லை.
குருமண்வெளித் துறையில் குடையோடு நின்றேன்.
மழைக்குள் அக்கரையே தெரியவில்லை.
தரம் மூன்றோடு சேர்த்து இருத்தினார்களாம்.
அதிபரின் ஸ்கூட்டர் பதின்மூன்று சாண்,
சமைக்கிற அக்காவின் அகப்பை மூன்று,
மாமரத்தடி நாய்
அளக்க விடவில்லை.
இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது.

வியாழன் நிலுக்சன் வந்தான்.
சீருடை இல்லை. புத்தகப்பை இல்லை.
காலில் அண்ணனின் செருப்பு.
காற்சட்டைப் பைக்குள்ளிருந்து
வலை நூல் ஒன்றை இழுத்தான்,
இழுத்துக்கொண்டே இருந்தான்.
சேறு காய்ந்த நூல்.

"அளந்து வரச் சொன்னீங்களாம், மிதுர்ஷா சொன்னவ."
என்னடா இது?
"ஆனைட கால், டீச்சர். முன்னங்கால்.
ஞாயித்துக்கிழம ராவு வந்தது.
குசினிச் சுவர உடைச்சு நெல்லத் திண்டுட்டு
மறுகா வேலியால போயிட்டு.
அடி பதிஞ்சு கிடந்தது.
மழைக்கு முந்தியே சுத்தி அளந்திட்டன்."

ஒன்பது சாண், அவன் கைக்கு.

"ரெண்டு மடங்கு போட்டா ஆனைட உயரமாம்.
வனஜீவராசி ஐயா சொன்னவர்."

இரண்டு மடங்கு எங்கள் பாடத்தில் இன்னும் வரவில்லை.
அவன் நிலத்தில் நுனியை அமத்திப் பிடித்தான்,
நான் கதிரையில் ஏறினேன்.
ஒரு முறை. கோடு.
கோட்டிலிருந்து இன்னொரு முறை.
சுண்ணக்கட்டி யன்னலைத் தாண்டி
பல்லி ஓடும் இடத்தில் போய் நின்றது.
பதினேழு நூலும் பாதிச் சுவருக்குக் கீழே.

யாரும் சத்தம் போடவில்லை.
பிறகு எல்லோரும் ஒன்றாகப் போட்டார்கள்.
இரண்டு மிதுர்ஷாவும் ஒரு கொப்பியும் சேர்ந்தால்
ஒரு ஆனை என்று கண்டுபிடித்தான் யதுமிதன்.
சஜானி கோட்டுக்கு நேர் கீழே போய் நின்று
அண்ணாந்து பார்த்தாள்,
உடனே ஓடி வந்துவிட்டாள்.

நிலுக்சன் சுவரை விட்டுக் கண்ணெடுக்கவில்லை.
"அப்ப எவ்வளவு உயரத்துக்குக் கட்டோணும் டீச்சர்?"

மணி அடிக்க
இன்னும் இருபது நிமிடம் இருந்தது.

வெள்ளிக்கிழமை பதினெட்டாவது நூலை வெட்டினோம்.
படுக்க வைத்தபோது அவன் கூசவில்லை,
அசையவுமில்லை.
அளவு ஒரு விரல் பிசகாமல் வந்தது.
கோட்டுக்குப் பக்கத்திலேயே கட்டச் சொன்னான்.
பாடக்குறிப்பில் 'நீளங்களை ஒப்பிடுவர்' என்று எழுதி
திகதி போட்டேன்.

அடுத்த கிழமை நிறை.
தராசு செய்ய ஆளுக்கு
இரண்டு சிரட்டை கொண்டுவரச் சொன்னேன்.
எல்லோரும் போன பிறகும்
வாசற்படியில் ஒருவன் விரல் மடக்கிக்கொண்டிருந்தான்,
ஒரு ஆனை
எத்தனை சிரட்டை நெல் திண்டிருக்கும் என்று.