யாருக்க எழுத்து

கொலைகாரன் யாரென்று இங்கே எழுதமாட்டேன்.
புத்தகம் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது
கருங்கலில் ஏழு பத்துக்குப் புறப்படும் பேருந்தில்.

அட்டையில் ஒரு சாய்வு நாற்காலி, ஆள் இல்லை.
உள்ளே, ஓய்வுபெற்ற ஒரு நீதிபதி.
கொலை நடந்தது அவர் கண்முன்னே,
சாட்சி அவர் ஒருவர்தான்.
காலையில் ஒரு பெயர் சொல்வார்,
மத்தியானம் இன்னொரு பெயர்,
ராத்திரி 'எந்தக் கொலை?' என்பார்.

பழைய புத்தகக் கடையில் வாங்கியது நான்.
முதல் பக்கத்தில் கோடு போட்டுவைத்தேன்:
பெயர், வாங்கிய தேதி, தந்த தேதி.
இரணியல் கோர்ட்டில் டைப் அடிக்கும் பிரேமலதா
நாற்பதாம் பக்கத்தில் சிவப்பு மையில்
'வாக்குமூலம் இப்படி எடுக்கமாட்டார்கள்' என்று
நீதிபதி கதையையே திருத்தியிருக்கிறாள்.
ஸபீர், அடையாளத்துக்கு வைத்த பச்சை நூலை
எடுக்க மறந்திருக்கிறான்.
கண்டக்டர் சுகதன் போன வாரம்
பெயர் எழுதாமலே எடுத்துப்போய்
கடைசிக்கு முந்தின தாளில்
கொலைகாரன் பெயரை எழுதி
வட்டமும் போட்டுத் தந்தான்.
காதில் செருகுகிற பேனாதான், எனக்குத் தெரியாதா.

தாசய்யன் அண்ணன் பெயர் மட்டும் மூன்று இடத்தில்.
மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்தவர்.
புயலடித்த ராத்திரியில்
எந்தக் கம்பத்தில் ப்யூஸ் போயிருக்கும் என்று
கட்டிலில் படுத்தபடியே சொல்வாராம்.
மூன்று தடவையும் திங்கள்சந்தையில் ஏறினார்,
அட்டையைத் தடவினார்,
'புதுசா மக்ளே?' என்றார்.
முதல் தடவை ஆமா என்றேன்.
அடுத்த தடவை, விளையாடுகிறார் என்று சிரித்தேன்.
மூன்றாம் தடவை
சில்லறை எண்ணுவதுபோல் குனிந்துகொண்டேன்.

எனக்கு வேலை வடசேரியில், கண்ணாடிக் கடையில்.
ஓரங்களில் அவர் பென்சில் எழுத்து
வரியை விட்டு இறங்குவதைப் பார்த்து
பவர் கூடியிருக்கும் என்றே நினைத்திருந்தேன்.

எழுபத்தெட்டாம் பக்கம்.
'டாக்டர்தான்.'
அதற்குக் கீழே, கொஞ்சம் பெரிதாக,
'டாக்டர் இல்ல. டிரைவர்.'
அதற்கும் கீழே, சரிந்து சரிந்து,
'எந்த மண்டன் எழுதினான், கதையைக் கெடுக்க?
யாருக்க எழுத்து இது?'

பேருந்து பார்வதிபுரம் பாலத்தில் ஏறிக்கொண்டிருந்தது.
துப்பு கிடைத்துவிட்டது. யாரிடம் போய்ச் சொல்ல?
அவர் வீட்டுக்குப் போன் போட்டு
எப்படித் தொடங்க?
உங்க வீட்டுக்காரருக்குக்
கண்ணில் ஒரு குறையும் இல்லை என்றா?

பாலத்தின் மேல் வெயில் நேராக விழுந்தது.
அப்போதுதான் தெரிந்தது,
கேள்விக்குக் கீழே நீல மை,
பொடிப்பொடியாக, வேறு கை:
'உங்களுக்கதான்.'
அதற்கும் கீழே பென்சில்:
'அப்பிடியா. செரி.'

முதல் பக்கத்துக்கு ஓடினேன்.
கடைசி வரியில் அதே நீலம்,
நாலாவது தடவையாக 'தாசய்யன்'.
வாங்கிய தேதியில் வருகிற செவ்வாய்.
தந்த தேதி காலி.
அந்தக் கையெழுத்தை எனக்குத் தெரியும்.
போன மாசம் பிளஸ் இரண்டரை வாங்கிப்போன
கமலபாய் அக்கா எங்கள் ரசீதில் போட்டது.

மத்தியானம் கடையில் ஆளில்லை.
பார்வை பார்க்கிற பழைய அட்டையில்
ஒரு துண்டு வெட்டி
சுகதன் எழுதின பெயர்மேல் ஒட்டினேன்.
ஒரு 'ட' மட்டும் வந்திருந்தது,
மேல் வரியிலுள்ள பெரிய 'ட'.

செவ்வாய்க்கிழமை
இரண்டு பேருமாக ஏறினார்கள்.
இப்போதெல்லாம் அவர் தனியாக வருவதில்லை.
'புதுசா மக்ளே?'
நான் வாய் திறக்குமுன்
பையிலிருந்து பென்சிலை எடுத்து
அவர் கையில் கொடுத்துக்கொண்டே
கமலபாய் அக்கா சொன்னாள்:
'வேகம் வாசிச்சுத் தாங்க.
பொறவு எனக்கு.'