பாஸ்புக்கின் பின்பக்கம்

முன்பக்கம் கம்பெனிக்கு:
இலை இத்தனை, தூள் இத்தனை,
கழிவு போகக் கட்டு இத்தனை.
பின்பக்கம் ருகையாவுக்கு.
திங்கள், விடியல், கண் மேலே சொருகி ஒரு நிமிசம்.
புதன், சுபுஹு பாங்குக்கு முன்னால், இரண்டு தடவை.
வெள்ளி, இட்லி ஆறுவதற்குள் விழுந்துவிட்டாள்.

நாளைக்கு ஆயிரம் பீடி சுற்றுகிறவளுக்கு
வலிப்பு எண்ணுவதா கஷ்டம்?
கஷ்டம்தான்.
பீடியென்றால் இருபத்தைந்தில் நூல் போட்டுக்
கட்டிவிடலாம்.

மூன்று வருசம், மூன்று மருந்து, ஒரு தாயத்து.
மேலப்பாளையத்திலிருந்து ஐகிரவுண்டுக்கு
மடியில் அவள் தலையோடு அதே பஸ்.
புதிதாக வந்த டாக்டரம்மா
சீட்டை ஒதுக்கிவிட்டுப் பாஸ்புக்கை வாங்கினார்.
வரிவரியாக விரல் வைத்துப் போய்
"எல்லாமே சாப்பாட்டுக்கு முன்னாடி" என்றார்.
எழுதிய எனக்கு அது தெரிந்திருக்கவில்லை.

முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள்.
முழங்காலை நான் பிடித்தேன், தோளை மைதீன்.
லோடு ஆட்டோ ஓட்டுகிற கை
நடுங்கி அன்றுதான் பார்த்தேன்.

ரத்தத்தில் சர்க்கரை இருக்கிறதாம்,
மூளைக்குள் போகிற வாசல்தான் சரியாகத் திறக்கவில்லையாம்.
நான் ஊட்டிய சோறெல்லாம்
படிவரைக்கும் வந்து நின்றிருக்கிறது.

பட்டினியில் உடம்பு கொழுப்பை எரிக்கும்,
அந்த வழியாக மூளைக்குத் தீனி போகும் என்றார்.
நோன்பு வைக்கிற தெரு எங்கள் தெரு.
இவளுக்கு மட்டும்
வயிறு நிறைய எண்ணெயும் வெண்ணெயும் கொடுத்து
உடம்பை நோன்பென்று நம்பவைக்க வேண்டும்.

தூள் நிறுக்கிற தராசு ஆகாதென்று
பேட்டரித் தராசு வாங்கினோம்.
முட்டை நாற்பத்திரண்டு கிராம். வெண்ணெய் பதினெட்டு.
கேரட் ஆறு:
இரண்டு வில்லை, மூன்றாவதில் ஒரு கடி குறைத்து.
அந்தக் கடி தமீமுக்கு.
ஒன்பது வயது. பிஸ்கட்டை மொட்டைமாடியில் தின்று
வாயைத் துடைத்துக்கொண்டு இறங்குவான்.
நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

நாற்பத்தோராம் நாள், சளிக்கு ஒரு மூடி இருமல் மருந்து.
அது இனிக்குமென்று எனக்குத் தோன்றவேயில்லை.
பின்பக்கத்தில் மறுபடி ஒரு வரி.
நான் மைதீனை ஏசினேன், அவர் பாட்டிலை ஏசினார்.
ஜுலைகா மாமி கொண்டுவந்த பாயசத்தை
வாசலோடு திருப்பி எடுத்துப்போய்
ஒரு முட்டையோடு வந்தாள்:
"இதை நிறுத்துப் பாரு."

காலையில் மூத்திரத்தில் ஒரு பட்டை நனைப்போம்.
தமீம்தான் நொடி எண்ணுவான்.
கத்திரிப்பூ நிறத்துக்கு ஏறினால்
"வந்துட்டு உம்மா" என்று கத்துவான்,
தெருவுக்கே கேட்கும்.

நேற்று ருகையா சுவரைப் பிடிக்காமல் நடந்தாள்,
நாலு எட்டு.
ஐந்தாவதில் சுளகைத் தட்டி
நறுக்கிய இலையெல்லாம் தரையில்.
கழிவு கூடிப்போச்சு என்று கடையில் முனகுவார்கள்.
முனகட்டும்.
முன்பக்கத்தில் எழுதிக்கொள்ளட்டும்.